நாலு மணி டாக்டர்

பருத்திப்பட்டு ஏரிக்கரை வளைவில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஞானகுமாரி கண் விழித்தாள். கைக்கடிகாரத்தில் மணி ஐந்தேகால்.

ஆறு மணிக்கு ஒரு பெண் செத்துப்போகக்கூடும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

யாரும் வந்து சொல்லவில்லை. கனவு சொன்னது.

கனவில் தாயம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இடது காலில் கட்டு. ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி, வெளியே நின்ற வேப்பமரத்திலிருந்து இலைகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. இலைகள் மடியை நிறைத்தன, கட்டிலை நிறைத்தன, பிறகு வழிந்து வார்டின் தரையெல்லாம் தண்ணீர் மாதிரிப் பரவின. "இங்க காத்து நல்லா வருது டாக்டரம்மா" என்றாள் தாயம்மாள்.

அவ்வளவுதான். அழகான கனவு. ஆனால் தாயம்மாளின் கட்டில் எண் ஒன்பது. ஒன்பது உள்சுவர் ஓரம், துணி பீரோவை ஒட்டி இருக்கிறது. அங்கே ஏது ஜன்னல்?

ஜன்னல் பதினாலாம் எண்ணுக்குத்தான்.

அந்தக் குரல் கனவில் பிறந்ததில்லை. இன்று மாலை நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அவள் முதுகுக்குப் பின்னால் நிஜமாகவே கேட்ட குரல். கூடவே கட்டில் சக்கரம் கிறீச்சிட்டது. ஆயா மூச்சு வாங்கினாள். காது எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தது. கை மட்டும் மேஜையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்று சொன்னது ஞாபகம் வந்தது.

தாயம்மாளை ஜன்னலோரம் மாற்றிவிட்டார்கள். சீட்டில் ஞானகுமாரி பழைய எண்ணை எழுதியிருக்கிறாள்.

"ஓல்டான்" என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டே எழுந்தாள்.

*

அது 1988 டிசம்பர். பூந்தமல்லிப் பக்கம், நூம்பலைத் தாண்டி, வயலும் வீட்டுமனைக் கல்லும் கலந்து கிடந்த இடத்தில் அந்த மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. எண்பது கட்டில். பயிற்சி டாக்டர்கள் ஐந்து பேர். அவர்கள் உள்ளேயே தங்குவதற்கு அறைகள் நாலு. ஐந்தாவதாகச் சேர்ந்தவள் ஞானகுமாரி. அதனால் அவள் நான்-ரெசிடென்ட். காலை ஏழரைக்கு வந்து மாலை நாலுக்குக் கிளம்பிவிட வேண்டும். டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா ஜேசுராஜுடன் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தாள்.

உள்ளே தங்கியவர்கள் அவளை 'நாலு மணி டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். கேலிதான். ஆனால் கேலிக்குள் ஒரு சட்டமும் இருந்தது. நாலு மணிக்கு அவள் தன் நோயாளிகளைப் பற்றிச் சீட்டு எழுதி ரெசிடென்ட்டிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து மறுநாள் காலை வரை அவர்கள் அவளுடைய நோயாளிகள் இல்லை. போன வருடம் ஒரு நான்-ரெசிடென்ட் மாலையில் திரும்பி வந்து மருந்தை மாற்றி எழுத, ரெசிடென்ட் அதை அடித்துவிட்டு வேறு எழுத, நடுவில் நின்ற நர்ஸுக்கு மெமோ கிடைத்தது. அதோடு பெரிய டாக்டர் பார்த்தசாரதி முடிவாகச் சொல்லிவிட்டார். நாலு மணிக்கு மேல் நான்-ரெசிடென்ட் பேனாவில் மை கிடையாது.

சீட்டில் பெயரும் எழுதுவதில்லை. பெண்கள் வார்டில் ஒரே சமயத்தில் மூன்று மேரிகள் படுத்திருந்து, ஒருத்தியின் மாத்திரையை இன்னொருத்தி விழுங்கிய பிறகு, கட்டில் எண் மட்டும் என்று வழக்கமாகிவிட்டது. எண்ணைச் சுவரில் கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். கட்டில் போகலாம், வரலாம். எண் நகராது.

இன்று கிறிஸ்துமஸுக்காக உள்சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கட்டில்களை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். சுண்ணாம்பு தெறிக்கக்கூடாதென்று நோயாளிகளின் கேஸ் ஷீட் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

ஞானகுமாரி மூன்றேகால் மணிக்கு இரண்டு பேருக்குப் பென்சிலின் சோதனை ஊசி போட்டாள். முழு ஊசி போடுவதற்கு முன்னால், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முழங்கைக்குக் கீழே ஒரு துளி. சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். நிமோனியாவோடு வந்த வேம்புலியம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செங்கல் சூளையில் காலை வெட்டிக்கொண்டு வந்த தாயம்மாளுக்கு வட்டத்தைத் தாண்டி எட்டணா அகலத்துக்குத் தடித்துவிட்டது. முழு ஊசி போனால் நிமிடக் கணக்கில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும்.

தாயம்மாளுக்கு அந்தத் தடிப்பில் ரொம்பப் பெருமை. சின்ன வயதில் அம்மை குத்தியபோது தடித்தவர்களுக்குத்தான் குத்து பிடித்தது என்று சொன்னார்களாம். இதுவும் பிடித்துவிட்டது என்று பக்கத்துக் கட்டிலுக்குக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். இது அப்படி இல்லை என்று ஞானகுமாரி சொல்லிப் பார்த்தாள். தாயம்மாள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை.

கேஸ் ஷீட்டில் எழுதலாம் என்றால் பீரோ சாவி கிடைக்கவில்லை. நாளைக் காலை எழுதிக்கொள்ளலாம், சீட்டு போதும் என்று நினைத்தாள். எழுதினாள்: 9, பென்சிலின் கூடாது. 14, பென்சிலின், மாலை ஆறு மணி.

அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே சுவர் காய்ந்து, கட்டில்களைத் திரும்பத் தள்ளினார்கள். வார்டு சிஸ்டர் ஜெயகுமாரி, நிமோனியாக்காரிக்கு ஜன்னல் காற்று ஆகாது என்று வேம்புலியம்மாளை உள்சுவருக்கு மாற்றி, தாயம்மாளை ஜன்னலுக்கு அனுப்பிவிட்டார். சரியான முடிவுதான். ஆனால் ஞானகுமாரி எழுதியது காலை ரவுண்ட்ஸில் மனசில் பதிந்த எண்ணை. நாள் முழுக்க வார்டிலேயே கிடக்கிற ரெசிடென்ட் யாரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். நாலு மணிக்கு மாலை நர்ஸ் வந்தாள். அவள் பார்வையில், கட்டில்கள் இடம் மாறிய பிறகு வந்த சீட்டு அது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

*

ஏரிக்கரையில் இறங்கியவுடன் எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடினாள். கடையில் போன் இருந்தது. எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரே போன், அது ஆபீஸ் அறையில். ஆபீஸை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். காலியான அறையில், மூடிய டைப்ரைட்டர் பக்கத்தில், இருட்டத் தொடங்கிய மேஜை மேல் அந்தக் கறுப்புப் போன் தனியாக அலறுவது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. வைத்துவிட்டாள்.

அடுத்த பூந்தமல்லி பஸ் ஐந்தே முக்காலுக்கு.

மழைக்கால ஏரி கரை முட்ட நிறைந்திருந்தது. அந்தியில் ஆரஞ்சு நிறத் தண்ணீர். சாலையில் ஷிஃப்ட் முடிந்த சைக்கிள்கள் நூறு, இருநூறு, பெடல் சத்தம்கூடக் கேட்காமல் மிதந்து வந்தன. டிபன் கேரியர்கள் ஒரே தாளத்தில் ஆடின. இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மணிக்கட்டைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு மொபெட் அவள் பக்கத்தில் வந்து நின்றது. கலியமூர்த்தி. அப்பாவோடு வேலை செய்கிறவர், தயாரான டாங்கிகளை ஓட்டிச் சோதிப்பவர். கோவில்பதாகையில் வீடு. இங்கே மச்சினன் வீட்டுக்கு வந்திருந்தார்.

"இன்னா பாப்பா, மொகமெல்லாம் வெளுத்துக்கினு கீது? பஸ்ஸ வுட்டுட்டியா?"

அவள் மூன்று வாக்கியத்தில் சொன்னாள். முழுசும் அவருக்குப் புரிந்ததா தெரியாது. ஆறு மணி, ஊசி, ஆள் செத்துடும். இந்த மூன்றும் புரிந்தன. வண்டியைத் திருப்பினார்.

"குந்து. கெட்டியா புடிச்சுக்க."

அந்த மொபெட்டில் ஹாரன் இல்லை. டாங்கியில் ஹாரன் கிடையாது, அதே பழக்கம் என்று போகிற போக்கில் விளக்கினார். எதிரே வந்த மாட்டு வண்டியும் டாங்கியைக் கண்ட மாதிரிதான் ஒதுங்கியது. காடுவெட்டி தாண்டியது. பனி மெல்ல இறங்கி, வயல் மேல் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஞானகுமாரி கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தாள். கண்ணை மூடினால் வேப்பிலைகள் வந்தன. திறந்துகொண்டாள்.

கேட்டில் வண்டி நின்றபோது ஐந்து ஐம்பது.

*

காவலாளி நாகப்பன் நல்லவர். அவளுக்குத் தினமும் சல்யூட் வைப்பவர். இப்போது குறுக்கே நின்றார்.

"டாக்டரா வந்தா உள்ள வுட முடியாதும்மா. பெரிய டாக்டர் ஆர்டரு. டூட்டில கீற சத்தியராஜ் சார் ஒரு வார்த்த சொல்லணும்."

ரெசிடென்ட் சத்தியராஜ் எங்கே என்று கேட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், உள்ளே போய் ஒரு மணி நேரமாகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது என்றார் நாகப்பன். அவரைக் கூப்பிட முடியாது. பெரிய டாக்டர் இன்று ஊரிலேயே இல்லை.

கேட் வழியாக மனிதர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பிளாஸ்க், வாழைப்பழச் சீப்பு, இடுப்பில் குழந்தை. ஐந்து மணிக்குத் தொடங்கிய பார்வையாளர் நேரம். ஒவ்வொருவருக்கும் நாகப்பன் ஒரு தகர டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஞானகுமாரி அந்தத் தகரத்தைப் பார்த்தாள்.

கையை நீட்டினாள்.

நாகப்பன் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பேஷண்டைப் பார்க்க வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி எந்த ஆர்டரும் இல்லை. டோக்கனை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

பெண்கள் வார்டு புதுச் சுண்ணாம்பு வாசனையில் வெள்ளையாக, கொஞ்சம் மங்கலாக, இந்த உலகத்தில் இல்லாத மாதிரி இருந்தது. பழக்கமான வார்டுதான். ஆனால் விளக்கு போட்ட பிறகு அதை அவள் பார்த்ததே கிடையாது. கட்டிலுக்குக் கட்டில் சொந்தங்கள் சுற்றி நின்றார்கள். ஜன்னலோரம் பதினாலைச் சுற்றி மட்டும் யாரும் இல்லை. தாயம்மாள் ஒருக்களித்துப் படுத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ட்ரே. ட்ரேயில் சிரிஞ்ச். மாலை நர்ஸ் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஜமீலா என்று எழுதியிருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருத்தி போகும் நேரம் இன்னொருத்தி வரும் நேரம்.

நிறுத்துங்கள் என்றாள் ஞானகுமாரி. ஜமீலா நிமிர்ந்தாள். அவள் கண் முதலில் போனது ஞானகுமாரியின் கையிலிருந்த டோக்கனுக்கு.

நான் டாக்டர் என்று சொல்ல ஞானகுமாரி வாயைத் திறந்தாள். அந்த ஒரு விநாடியில் முழுக் கதையும் முன்னால் ஓடியது. எந்த டாக்டர்? நான்-ரெசிடென்ட். மணி என்ன? ஆறு. சீட்டில் பதினாலுக்கு ஊசி என்றுதானே இருக்கிறது? பீரோவிலிருந்து வந்த கேஸ் ஷீட்டிலும் பென்சிலின் என்றுதான் இருக்கிறது. கையில் தடிப்பு? மூன்று மணி நேரத்தில் அடங்கியிருக்கும், வட்டம்தான் மிச்சம். அந்த வட்டம் ஒன்பதாம் கட்டில்காரியின் கையிலும் இருக்கிறது. போன வருடம் மெமோ வாங்கிய நர்ஸ் யார்? ஒருவேளை இவளேதான்.

இந்த வார்டில் இந்த நேரத்தில் டாக்டர் ஞானகுமாரியின் பேச்சை யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் யாருடைய பேச்சைக் கேட்டே தீர வேண்டும்?

"ஊசி வேணாம் சிஸ்டர்," என்றாள். "நான் இவங்க தங்கச்சி. எங்களுக்கு இஷ்டமில்ல."

ஜமீலாவின் முகம் மாறியது. உறவுக்காரர் மறுத்தால் ஊசி போடக்கூடாது. எழுதி வாங்க வேண்டும், ரெசிடென்ட் வரும்வரை அந்த உறவுக்காரர் இருக்க வேண்டும். அது எல்லா நர்ஸுக்கும் தெரியும். ஆனால் அவள் தாயம்மாளின் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். உறவினர் என்ற இடம் காலியாக இருந்தது. மூன்று நாளாக ஒருவரும் வரவில்லை என்று காலை நர்ஸ் சொன்னதாகச் சொன்னாள். பிறகு சிரிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளியிடமே கேட்டாள்.

"ஏம்மா, இவங்க உன் தங்கச்சியா?"

தாயம்மாள் திரும்பினாள்.

அவளுக்கு ஞானகுமாரியைத் தெரியும். காலையில் புண்ணைத் துடைத்த டாக்டர். கையில் ஊசி குத்திய டாக்டர். ஊசி பிடித்துவிட்டது, இனி கால் ஆறிவிடும் என்று நம்பி, ஆறு மணிக்காகவே காத்திருந்தவள் அவள். இப்போது வெள்ளைக் கோட்டு இல்லாமல், தலை கலைந்து, தகர டோக்கனைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெண் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

வெளியே மரம் அசைந்தது. ஜமீலாவின் கையில் சிரிஞ்ச் அப்படியே இருந்தது. தாயம்மாள் ஞானகுமாரியை உச்சி முதல் பாதம் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"தங்கச்சிதான்," என்றாள் கடைசியில். "மூணு நாளா அநாத மாதிரி கெடக்கிறேன். இப்பதான் ஊட்லேர்ந்து வழி தெரிஞ்சிது மகராசிக்கு."

"பஸ் கெடைக்கலக்கா," என்றாள் ஞானகுமாரி.

"ஆமா. ஒனக்கு எப்பவும் ஒரு சாக்கு."

ஜமீலா சிரிஞ்சை ட்ரேயில் வைத்தாள். கண்ணாடியும் தகரமும் தொட்ட சின்ன ஓசை. ஞானகுமாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறுப்புக் காகிதத்தில் பெயர் ஞானகுமாரி, உறவு தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவில் மை இருந்தது.

பார்வையாளர் நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. மறுத்த உறவினர் மட்டும் இருக்கலாம். வார்டு காலியானது. அந்த அமைதியில், எதற்கு ஊசி வேண்டாம் என்றாய் என்று தாயம்மாள் மெல்லக் கேட்டாள். ஞானகுமாரி விளக்கினாள். அம்மை ஊசிக்குத் தடித்தால் நல்லது, இந்த ஊசிக்குத் தடித்தால் உயிர் போகும். கட்டில் எண்ணைத் தப்பாக எழுதியது நான்தான். தாயம்மாள் தன் கையிலிருந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, அவள் நன்றாக உட்கார இடம் கொடுத்தாள்.

*

ஆறு இருபதுக்கு சத்தியராஜ் வந்தார். தியேட்டர் தொப்பிகூடக் கழற்றவில்லை. மறுப்புக் காகிதத்தைப் படித்தார். அதில் இருந்த பெயரைப் படித்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். ஞானகுமாரி எழுந்து நின்று நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நேராக ஒன்பதாம் கட்டிலுக்குப் போய் அங்கே படுத்திருந்தவளின் பெயரைக் கேட்டார். வேம்புலியம்மாள். நெஞ்சைச் சோதித்தார், கையைப் பார்த்தார், ஜமீலாவைக் கூப்பிட்டுத் தன் எதிரிலேயே ஊசியை அவளுக்குப் போடச் சொன்னார். திரும்பி வந்து தாயம்மாளின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் பென்சிலின் கூடாது என்று பெரிதாக எழுதி, வேறு மருந்து எழுதினார். அதற்குப் பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறேகாலுக்கு இந்தக் கட்டிலில் என்ன நடந்திருந்தாலும் கீழே என் கையெழுத்துதான் இருந்திருக்கும் என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுப்புக் காகிதத்தை மடித்தார். பொய்யான உறவு. பெரிய டாக்டர் கண்ணில் பட்டால் ஞானகுமாரியின் பயிற்சி இந்த வாரத்தோடு முடிந்துவிடும். இதைக் கிழித்துவிடுகிறேன், சீட்டில் நடந்த தவறை மட்டும் நாளை நாம் இருவருமே போய்ச் சொல்வோம் என்றார்.

"அத்த கிழிக்காத சார்," என்றாள் தாயம்மாள்.

சத்தியராஜ் நிமிர்ந்தார்.

"என் பேப்பர்ல அந்த எடம் காலியாவே கீது. செத்தா யாருக்குச் சொல்லணும்னு முந்தாநேத்து கேட்டாங்க. நான் பதில் சொல்லல. இப்பதான் ஒரு பேரு வந்திருக்கு."

சத்தியராஜ் ஞானகுமாரியைப் பார்த்தார். முடிவு அவளுடையது என்பதுபோல் காகிதத்தை நீட்டினார்.

வாங்கினாள். பிரித்தாள். தங்கை. தன் கையெழுத்தில் அந்தச் சொல் இன்னும் ஈரமாக இருப்பது போலத் தோன்றியது. கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்துக் குண்டூசி குத்தினாள்.

"இருக்கட்டும் சார். பெரிய டாக்டர் கேட்டா நானே சொல்லிக்கறேன்."

சொந்தக்காரருக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது என்று ஒரு விதி இருப்பதை அவர் ஞாபகப்படுத்தினார். நாளையிலிருந்து பதினாலாம் எண் உங்கள் நோயாளி இல்லை, மாலையில் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் வர முடியும் என்றார். அவர் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

"அஞ்சு மணிக்கு வர்றேன்," என்றாள் ஞானகுமாரி.

அவர் போய்விட்டார். ஜமீலா விளக்குகளைப் பாதியாகக் குறைத்தாள். பனி ஜன்னல் வரை வந்து, கம்பிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. ஞானகுமாரி போர்வையைத் தாயம்மாளின் தோள் வரை இழுத்துவிட்டுக் கிளம்பினாள். நாலு அடி போனதும் பின்னால் குரல் கேட்டது.

"இந்தா, நாளைக்கு வெறுங்கைய வீசிக்கினு வராத. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எதுனா வாங்கினு வருவாங்க."

"இன்னாக்கா வேணும்?"

தாயம்மாள் யோசித்தாள். பக்கத்துக் கட்டில்களின் தலைமாட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். ஞானகுமாரி நின்று காத்திருந்தாள்.